ஓவர்கிளாக் எங்கே முட்டுகிறது?

நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்தில் புரொசசரை ஓவர்கிளாக் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் நம்புவது குளிரை. கொழும்பில் ஏசி போட்டால்தான் கிடைக்கிற குளிர் நமக்கு ஜன்னலைத் திறந்தாலே கிடைக்கிறது; ஆகவே அவர்களைவிட அதிகம் ஏற்றலாம் என்பது கணக்கு. அதில் உண்மை உண்டு. ஆனால் இங்கே ஓவர்கிளாக் பெரும்பாலும் முட்டி நிற்பது வெப்பத்தில் அல்ல. சிலிக்கனில் முட்டும், மதர்போட்டின் மின்பகுதியில் முட்டும், ரேமில் முட்டும், வீட்டுக்கு வருகிற கரண்டில் முட்டும். வெப்பநிலை எண் நன்றாகவே காட்டிக்கொண்டிருப்பதால் மற்றக் காரணங்களைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. குளிர் செய்கிற பெரிய கெடுதி அதுதான்.

வேகத்தை ஏற்றும் முறையை முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். ஏறாமல் நின்றால், அல்லது ஏறிய பிறகு தடுமாறினால், தடுப்பது எது என்று பிரித்தறிவதே இந்த அத்தியாயத்தின் வேலை. ஒரு விதியை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வேகத்தையும் வோல்டேஜையும் ரேமையும் ஒரே இரவில் மாற்றியவருக்குக் கோளாறு எங்கே என்று யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

குளிர் தருவதும் உயரம் எடுப்பதும்

நானுஓயா ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 82 வீதம்தான். தண்ணீர் 95 பாகையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே கொதித்துவிடுவது இதனால்தான். புரொசசரைக் குளிர்விக்கும் விசிறிக்கும் இதே கதி. விசிறி ஒரு சுற்றில் தள்ளுகிற காற்றின் கன அளவு மாறுவதில்லை. அந்தக் காற்றின் எடை குறைந்திருக்கிறது. வெப்பத்தைச் சுமந்து போவது எடைதான். 15 பாகையில் இருக்கும் நானுஓயாக் காற்று, 30 பாகையில் இருக்கும் கொழும்புக் காற்றைவிட ஏறக்குறைய 13 வீதம் அடர்த்தி குறைந்தது.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். முழு வேலையில் 130 வாட் எடுக்கும் புரொசசர் கொழும்பில் 30 பாகை அறையில் 95 பாகைக்குப் போகிறது என்று வையுங்கள். அறைக்கு மேலே ஏறிய 65 பாகையில் சுமார் 30 பாகை சிலிக்கன், பேஸ்ட், உலோக மூடி வழியாக வெப்பம் கடக்கும்போது ஏறுகிறது. அதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. மீதி 35 பாகை ஹீட்சிங்கிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் ஏறுகிறது. நானுஓயாவில் இந்த 35 ஏறக்குறைய 40 ஆகும். ஆக 15, 30, 40: மொத்தம் 85 பாகை. அறை 15 பாகை குளிர்ந்திருந்தும் புரொசசருக்குக் கிடைத்தது 10 பாகைதான். மூன்றில் ஒரு பங்கை மெல்லிய காற்று திரும்ப எடுத்துக்கொண்டது. நீர்க் குளிர்விப்பு வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ரேடியேட்டரிலும் கடைசியில் வேலை செய்வது இதே காற்றுதான்.

அந்த 10 பாகையும் நிரந்தரமில்லை. ஜனவரியில் புல்லில் பனி உறைகிற விடியற்காலையில் சோதித்த கணினி, மார்ச் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு நிலையில் இயங்கும். விறகடுப்புக்கு அடுத்த அறை என்றால் இன்னொரு தொல்லை. அடுப்புப் புகையின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே ஒட்டிக்கொள்ளும். தூசி என்றால் பிரஷ் போட்டால் போய்விடும், இந்தப் பிசுக்கு போகாது. விசிறியைக் கழற்றி, ஹீட்சிங்கைத் தனியே எடுத்து, ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பேஸ்ட் வைத்துப் பூட்ட வேண்டும். பழைய கணினியை ஓவர்கிளாக் செய்யப் போகிறவர் வேகத்தைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யட்டும். பல கணினிகளில் ஓவர்கிளாக்கால் கிடைக்கக்கூடியதைவிட இந்தச் சுத்தத்தால் கிடைப்பது அதிகம்.

முதலில் அடித்தளம்

கோளாறு தேடுவதற்கு முன், அந்தக் கணினி ஓவர்கிளாக்குக்கு உரியதுதானா என்று பாருங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்து உள்ள புரொசசரும், பொதுவாக ‘இசட்’ எழுத்தில் தொடங்கும் சிப்செட் கொண்ட மதர்போட்டும் சேர்ந்திருந்தால்தான் மல்டிபிளையரை ஏற்ற முடியும். ஏஎம்டி ரைசனில் ஏறக்குறைய எல்லாப் புரொசசர்களும் திறந்திருக்கும், ஆனால் ஏ320 மதர்போட் அனுமதிக்காது. பி350, பி450 போன்றவை அனுமதிக்கும். கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலிருந்தோ தெரிந்தவர் மூலமாகவோ பழைய பொருள் வாங்குகிறவர்கள் புரொசசரை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மல்டிபிளையர் பூட்டியிருந்தால் அடிப்படைக் கடிகாரத்தை ஏற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒருகாலத்தில் அது நல்ல வழிதான். 1998இல் வந்த செலரான் 300ஏ, 66 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸை 100க்கு மாற்றினாலே 450 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது அந்தக் கதவு மூடியது. அதில் ஒரே கடிகாரத்திலிருந்துதான் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கும் சாட்டாவுக்கும் யுஎஸ்பிக்கும் வேகம் போகிறது. நூற்றுக்கு மூன்று, ஐந்து வீதம் ஏற்றியதுமே ஹார்ட் டிஸ்கில் எழுதுவது பிசகத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ5 வைத்திருக்கிறவர்கள் அந்தக் கடிகாரத்தை 100இலேயே விட்டுவிடுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் கம்பனி அமைப்புக்குத் திருப்புங்கள். மதர்போட்டின் சிஆர்2032 பற்றரியைக் கழற்றுவதென்றால் மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். பற்றரி பழையதென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். மின்வெட்டு வரும்போதெல்லாம் பயோஸ் அமைப்பு மறந்துபோவதை ஓவர்கிளாக் தோல்வி என்று நினைத்து நாட்களை வீணாக்குகிறவர்கள் உண்டு. கம்பனி வேகத்தில், மெம்டெஸ்ட்86இல் ரேமையும், பிரைம்95 அல்லது ஓசிசிடியில் புரொசசரையும் சோதியுங்கள். கம்பனி வேகத்திலேயே பிழை காட்டுகிற கணினியை ஓவர்கிளாக் செய்யக் கூடாது. அது திருத்த வேண்டிய கணினி.

அறிகுறியை வாசித்தல்

கணினி நிலைகுலைகிற விதம் ஒவ்வொன்றும் ஒரு செய்தி. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, வெப்பநிலை, வோல்டேஜ், வேகம் மூன்றையும் பதிவு செய்தபடி சோதியுங்கள். கணினி விழுந்த பிறகு நினைவிலிருந்து யோசிப்பதில் பயனில்லை.

வெப்பத்தால் வரும் தடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய சாண்டி பிரிட்ஜ் ஐ5 98 பாகையிலும், ஹாஸ்வெல் 100 பாகையிலும், மூன்றாம் தலைமுறை ரைசன் 95 பாகையிலும் தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும். வேகம் விழும், கணினி விழாது. சந்தேகம் இருந்தால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு மேசை விசிறியை உள்ளே காற்றடிக்க வைத்து, வேறு எதையும் மாற்றாமல் அதே சோதனையை ஓட்டுங்கள். முன்பு பத்து நிமிடத்தில் தடுமாறியது இப்போது ஒரு மணி நேரம் நிற்கிறதா? வெப்பம்தான். அதே பத்தாவது நிமிடத்தில் விழுகிறதா? வெப்பத்தை மறந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

65, 70 பாகையில் இருக்கும்போதே சோதனை தொடங்கிய சில விநாடிகளில் விழுந்தால், அந்த வேகத்துக்கு அந்த வோல்டேஜ் போதவில்லை. நானுஓயாவில் அடிக்கடி காண்பது இதுதான். விண்டோஸின் நீலத் திரையில் ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ என்று வந்தால் ஏதோ ஒரு கோர் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள். ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்தால் புரொசசரே தன் உள்பிழையை அறிவிக்கிறது. ஓவர்கிளாக் செய்த கணினியில் இரண்டுக்கும் முதல் சந்தேகநபர் கோர் வோல்டேஜ். நீலத் திரை வராமலும் இருக்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘வீயா லாகர்’ என்ற பெயரில் எண் 19 கொண்ட எச்சரிக்கைகள் சேர்ந்துகொண்டிருந்தால், புரொசசர் பிழை செய்து தானே திருத்திக்கொண்டிருக்கிறது. வெளியே எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் இருக்கும். அது நிலையான கணினி அல்ல, ஒரு படி இறங்குங்கள்.

இங்கே லோட்-லைன் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயோஸில் 1.30 வோல்ட் என்று கொடுத்தாலும் முழு வேலை வந்ததும் அது 1.24, 1.25 என்று தாழும். இது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வேலை சட்டென்று நிற்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே எகிறும். அந்த எகிறலுக்கு இடம் விடத்தான் இந்தத் தாழ்வு. லோட்-லைனை மிகக் கடுமையான நிலைக்கு வைத்தால் தாழ்வு மறையும், எகிறல் பெரிதாகும், அந்த எகிறலைச் சாதாரண மென்பொருளால் காட்டவும் முடியாது. நடுத்தர நிலையே போதும். வேலை நேரத்தில் காட்டுகிற வோல்டேஜைத்தான் உண்மையான எண்ணாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டில் மணிக்கணக்காக நிற்கிற கணினி, கல்யாண வீடியோ ரெண்டர் செய்யும்போது மட்டும் விழுகிறதா? ஹட்டன், நுவரெலியா ஸ்டூடியோக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்கள் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்துகின்றன. அது ஒரே துடிப்பில் மிக அகலமான கணக்கைச் செய்வதால் மின்னோட்டமும் வெப்பமும் ஒன்றாக ஏறும். 2017இல் வந்த கேபி லேக் முதல் இன்டெல் பயோஸில் ஏவிஎக்ஸுக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு வந்தது. இருந்தால் இரண்டு படி குறைத்துக் கொடுங்கள். இல்லாத பழைய கணினியில் மொத்த வேகத்தையே ரெண்டரிங் தாங்குகிற அளவுக்கு இறக்க வேண்டும். தொழிலுக்கு வைத்திருக்கும் கணினியை அதன் மிகக் கடினமான வேலையை வைத்தே அளக்க வேண்டும்.

கோர்களின் வெப்பம் சாதாரணம், பிழையும் இல்லை, ஆனால் வேகம் ஏறியும் இறங்கியும் ஆடுகிறது என்றால் மதர்போட்டைப் பாருங்கள். 12 வோல்ட்டைப் புரொசசருக்கு வேண்டிய 1.2, 1.3 வோல்ட்டாக மாற்றுகிற பகுதி சாக்கெட்டைச் சுற்றி இருக்கிறது. மலிவான மதர்போட்டில் அதன் மேல் ஹீட்சிங்க்கூட இருக்காது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புரொசசரோடு கம்பனி தரும் சின்னக் கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் அந்தப் பகுதிக்கும் காற்று கிடைக்கும். பெரிய கோபுரக் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் கிடைக்காது. நல்ல கூலர் மாற்றிய பிறகு புரொசசர் குளிர்ந்து, மின்பகுதி சுட்டு, வேகம் முன்பைவிட மோசமாவது இப்படித்தான். ஒரு 80 மில்லிமீற்றர் விசிறியை அந்தப் பகுதியை நோக்கிக் கட்டிவிட்டுப் பாருங்கள். அதனாலும் தீராவிட்டால் பயோஸில் வைத்திருக்கும் வாட் வரம்பு குறுக்கே நிற்கலாம். கண்காணிப்பு மென்பொருள் அதைத் தனி வரியில் காட்டும். வரம்பை உயர்த்துவதற்கு முன் மதர்போட் அதைத் தாங்குமா என்று யோசியுங்கள்.

ரேமின் பிழை மற்ற எல்லாப் பிழைகளைப் போலவும் வேடம் போடும். ஆகவே புரொசசரைச் சோதிக்கும்போது எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து, ரேமை அதன் அடிப்படை வேகத்தில் வைத்துவிடுங்கள். புரொசசரின் எல்லை தெரிந்த பிறகு ரேமைத் தனியாக ஏற்றலாம். மூன்றாம் தலைமுறை ரைசனில் உள்ளிணைப்பின் கடிகாரமும் ரேமும் சேர்ந்து ஓடுவது பொதுவாக ரேம் வேகம் 3,600 வரை நிச்சயம், 3,733, 3,800 என்பது அதிர்ஷ்டம்.

முழங்கால் எங்கே மடிகிறது

ஒரு படி, அதாவது 100 மெகாஹேர்ட்ஸ் ஏற்றுங்கள். நின்றால் அடுத்த படி. விழுந்தால் வோல்டேஜை 0.01 அல்லது 0.02 ஏற்றுங்கள். ஒவ்வொரு படியையும் கொப்பியில் எழுதுங்கள். எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 4.2 கிகாஹேர்ட்ஸுக்கு 1.20 வோல்ட், 4.3க்கு 1.22, 4.4க்கு 1.25, 4.5க்கு 1.31, 4.6 என்றால் 1.38 கொடுத்தும் நிற்கவில்லை. முதல் படிகளில் இரண்டு, மூன்று நூறிலொரு வோல்ட் போதுமாக இருந்தது, 4.5க்கு ஆறு கேட்டது. அந்த இடம்தான் இந்தச் சில்லின் எல்லை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வளைவின் வடிவம் இதுவாகத்தான் இருக்கும். எல்லையில் நிற்காதீர்கள், அதற்கு முந்தைய 4.4இல் நில்லுங்கள்.

ஏன் என்பதை ஒரு பெருக்கல் சொல்லிவிடும். புரொசசர் எரிக்கும் மின்சாரம் வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் பெருகும். இதைவிட நல்ல சில்லு ஒன்று 4.2 கிகாஹேர்ட்ஸ், 1.20 வோல்ட்டிலிருந்து 4.6 கிகாஹேர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் 9.5 வீதம் கூடுகிறது. மின்சாரம் ஏறக்குறைய 39 வீதம் கூடுகிறது. 100 வாட் புரொசசர் 139 வாட் ஆகிறது. ரம்பொடை ஏற்றத்தின் கடைசி வளைவுகளில் லொறி குடிக்கிற டீசல் மாதிரி, கடைசி 200 மெகாஹேர்ட்ஸ்தான் எல்லாவற்றையும் குடிக்கிறது.

இந்த எல்லையில் முட்டியது நாம் மட்டுமல்ல. டிரான்சிஸ்டர் சிறுத்தால் வோல்டேஜும் சேர்ந்து குறையும் என்ற பழைய வசதி 2000களின் நடுவில் நின்றுபோனது. 2004 நவம்பரில் பென்டியம் 4ஐ 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை கொண்டுவந்த இன்டெல், 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை அதே ஆண்டில் கைவிட்டு, கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வழிக்குத் திரும்பியது. 2024 மார்ச்சில் கோர் ஐ9-14900கேஎஸ் ஒன்று 9.1 கிகாஹேர்ட்ஸைத் தொட்டது உண்மைதான். அதைச் சாத்தியமாக்கியது திரவ ஹீலியம், அதுவும் சாதனையைப் பதிவு செய்கிற நேரத்துக்கு மட்டும். நானுஓயாவின் குளிர் அந்த வரிசையில் சேராது. 15 பாகை அறை அந்த வளைவை மாற்றாது, கொஞ்சம் தள்ளிவைக்கும் அவ்வளவே.

வோல்டேஜின் மேல் வரம்பில் தைரியம் வேண்டாம். நாள் முழுக்க ஓடும் சாண்டி பிரிட்ஜுக்கு 1.35இலிருந்து 1.40 வரை, ஹாஸ்வெல்லுக்கு 1.30க்குள், மூன்றாம் தலைமுறை ரைசனில் எல்லாக் கோர்களுக்கும் நிலையாகக் கொடுத்தால் 1.30க்குள் என்று வைத்துக்கொள்வது என் அளவு. வெப்பம் 60 பாகைதானே என்று சமாதானம் சொல்லி 1.45க்குப் போகிறவர்கள், சில்லைத் தேய்ப்பது வெப்பம் மட்டுமல்ல, வோல்டேஜும் மின்னோட்டமும் சேர்ந்து என்பதை மறக்கிறார்கள். தேய்மானம் வந்ததற்கு அடையாளம்: சென்ற வருடம் நிலையாக நின்ற அதே வேகம் இப்போது கூடுதல் வோல்டேஜ் கேட்கும். கேட்டதைக் கொடுக்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டுக் கரண்ட்

நீலத் திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, கணினி சட்டென்று அணைந்து தானே மீண்டும் தொடங்குகிறது. இது நடப்பது பெரும்பாலும் மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் என்றால் புரொசசரைத் தொடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து, வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று பெயர். நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கிற லயத்தில், எல்லாரும் மின்குமிழும் ரைஸ் குக்கரும் கேத்தலும் போடுகிற நேரத்தில், அந்த 230 தாழ்கிறது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவிநாடி. கரண்ட் ஒரு கணம் அறுந்தால், நல்ல பவர் சப்ளை முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவிநாடி வரை தன் கொள்ளளவியில் சேமித்ததை வைத்துச் சமாளிக்கும். சுமை குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஓவர்கிளாக் செய்யும்போது நீங்கள் கூட்டியது அந்தச் சுமையைத்தான். கம்பனி வேகத்தில் கேத்தல் போட்டாலும் அசையாத கணினி, ஓவர்கிளாக்கில் அதே தாழ்வில் அணைவதற்கு இதுவே காரணம். மலிவான, பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் உள்ள பவர் சப்ளையில் இது இன்னும் மோசம். வரும் வோல்டேஜ் தாழ்ந்தால் சேமிப்பு அதன் வர்க்கத்தோடு குறைகிறது. 100 முதல் 240 வோல்ட் வரை தானே ஏற்கிற பவர் சப்ளையில் அந்தச் சேமிப்பு வெளி வோல்டேஜைப் பொறுத்து ஏறி இறங்காது. மலையகத்தில் ஓவர்கிளாக்குக்குச் செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் கூலரில் போடாதீர்கள், அந்தப் பவர் சப்ளையில் போடுங்கள்.

யுபிஎஸ் வைத்திருந்தாலும் கணக்குப் பாருங்கள். 650 விஏ என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பல மாதிரிகள் தருவது 400 வாட்டுக்கும் குறைவு. அதன் அலைவடிவம் படிப்படியானது என்றால் சில நல்ல பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். பவர் சப்ளையைத் திறந்து பார்க்க வேண்டாம், கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லக்கூடிய மின்னேற்றம் இருக்கும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் கை விறுவிறுக்கிறது என்றால் எர்த் இல்லை. மின்வேலை தெரிந்தவரை அழைத்து அதைச் சரிசெய்யும் வரை ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வரும்போது சுவிட்ச் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். நெட்வேர்க் கம்பியையும்.

செலவும் இந்தக் கணக்கில் சேரும். 60 வாட் கூடுதலாக, தினம் ஆறு மணி நேரம் என்றால் மாதம் 10.8 அலகு. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, 60 அலகைத் தாண்டினால் படியே மாறுகிறது. 55 அலகில் நிற்கிற வீட்டில் இந்தப் பத்து அலகின் விலை வெறும் பத்து அலகின் விலையாக இருக்காது.

கடைசிச் சோதனை மோசமான நேரத்தில்

எண்கள் கிடைத்தன, கொப்பியில் எழுதியாயிற்று. இனி சோதிக்க வேண்டியது விடியற்காலையில் அல்ல. வெயில் ஏறிய பிற்பகலில், ஜன்னலும் பெட்டியும் மூடியபடி பிரைம்95ஐ ‘ஸ்மால் எஃப்எஃப்டி’யில் ஒரு மணி நேரம், பிறகு உங்கள் சொந்த வேலையை, அது ரெண்டரிங்கோ விளையாட்டோ, மாலை முழுவதும். ஆகக் கூடிய வெப்பநிலை 85 பாகைக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பெரிய கோப்பைச் சுருக்கி, விரித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். இடையில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் இரண்டும் ஒத்துப்போகாது. ரெண்டர் செய்த வீடியோவில் ஒரு சட்டகத்தில் மட்டும் பச்சைக் கட்டம் தோன்றினால் அதுவும் அதே பிழைதான். முகூர்த்த நேரத்துக் காட்சியில் அது விழுந்தால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது? சோதனைக் காலம் முழுவதும் முக்கியமான படங்களும் பாடக்குறிப்புகளும் வேறொரு டிஸ்கில் இருக்கட்டும்.

2020க்குப் பிந்தைய புரொசசர் வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு வேறு. அவை தங்கள் எல்லைக்கு அருகிலேயே ஓடும்படி கம்பனியே அமைத்துவிட்டது. ரைசன் 7000 வரிசையின் பெரிய சில்லுகள் 95 பாகை வரை தானே ஏறி, இடமிருக்கிற அளவு வேகம் எடுக்கின்றன. அறை குளிர்ந்திருந்தால் நீங்கள் எதையும் தொடாமலே அதன் பயன் கிடைத்துவிடும். அவற்றில் வோல்டேஜை ஏற்றுவது ஆபத்து. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி வகைகள் சில கருகியதைத் தொடர்ந்து ஏஎம்டி ஒரு வோல்டேஜை 1.30க்கு மேல் போகாமல் பூட்டியது. 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் சில்லுகள் பல கம்பனி அமைப்பிலேயே மிகை வோல்டேஜால் தேய்ந்தன; 2024இல் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் இன்றே பயோஸைப் புதுப்பியுங்கள். ரைசன் 5000 முதல் உள்ள கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்; வெப்பம் இறங்கி, வேகம் தானே ஏறும், கரண்ட் கட்டணமும் குறையும். அதற்கும் இதே சோதனைகள் பொருந்தும். ஆனால் அங்கே பிழை பெரும்பாலும் முழு வேலையில் வராது, சும்மா நிற்கும்போதும் ஒரே கோர் வேகமெடுக்கும்போதும் வரும்.

பெரிய கோபுரக் கூலர் பூட்டிய கணினியைத் திருத்தத்துக்கு நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ்ஸில் கொண்டுபோகிறீர்கள் என்றால் கூலரைக் கழற்றித் தனியே சுற்றிக்கொண்டு போங்கள். வளைவுகளில் அதன் எடை மதர்போட்டை வளைக்கும்.

நம் பக்கத்தில் ஒரு கணினி பல கை மாறும். அண்ணன் வாங்கியதைத் தம்பி உயர்தரத்துக்குப் படிக்கப் பயன்படுத்துவான், பிறகு அது அடுத்த தோட்டத்துக்கு விலைக்குப் போகும். ஆகவே நிலையாக நின்ற வேகத்தையும் வோல்டேஜையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத் தகட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். விற்கும்போது எல்லாவற்றையும் கம்பனி அமைப்புக்குத் திருப்பிவிட்டு, எத்தனை வோல்ட்டில் எவ்வளவு காலம் ஓட்டினீர்கள் என்பதை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.